ஏசா ப்ரூயிட்டுக்கு வாரிசு இல்லை

இந்தக் கதையைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே உறுதியில்லை. திருமூர்த்தி இதை என்னிடம் ஒரே மூச்சில் சொன்னதில்லை. டெக்ஸஸில் சுகர் லேண்டிலிருந்து ஹூஸ்டனுக்கு இருவரும் ஒரே காரில் வேலைக்குப் போய்வந்த நாட்களில், ஃப்ரீவேயில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது ஒரு வாக்கியம் சொல்வார். அடுத்த வாக்கியம் மறுநாள்தான் வரும். கல்லறைக் கல்லில் இருந்த வருஷம் 1894 என்றாரா 1896 என்றாரா, லொரீன் அம்மாள் வீட்டு வாசலில் அவர் போய் நின்றது ஏப்ரலிலா மே மாதத்திலா, எல்லாம் எனக்குள் கலந்துவிட்டது. கலங்காமல் நிற்பது ஒன்றுதான், அவர் போட்ட கையெழுத்து. அதை மட்டும் எத்தனை தடவை சொன்னாலும் அவர் ஒரே மாதிரிதான் சொன்னார்.

புதுக் கோயில் கட்டக் கமிட்டி வாங்கியது பதினொரு ஏக்கர். சுகர் லேண்டிலிருந்து மேற்கே முக்கால் மணி நேரம் போனால், இரண்டு பக்கமும் மாட்டுப் பண்ணைகள் உள்ள கிராமத்துச் சாலையில் இருந்தது அந்த இடம். புதரை அழிக்கப் புல்டோசர் விட்ட முதல் நாளே, சாலையோர மூலையில் ஓர் ஓக் மரத்தடியில் அந்தக் கல் தென்பட்டது. 'ஏசா ப்ரூயிட்' என்ற பெயரும் இரண்டு வருஷங்களும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. புல்டோசர்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கல்லறையை நான் தள்ளமாட்டேன் என்று சொல்லிவிட்டு அன்றைய கூலியைக்கூடக் கேட்காமல் போய்விட்டார்.

கமிட்டித் தலைவர் வாஞ்சிநாதன் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் பெரிய பொறுப்பில் இருப்பவர். சென்னைக்காரர். எந்தச் சிக்கலையும் மூன்று ஸ்லைடுகளில் அடக்கிவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலும் அப்படித்தான் செய்தார். எல்லைக்குள் சமாதி இருந்தால் ஆகமப்படி பூமி பூஜையே கிடையாது என்று சிவாச்சாரியார் சொல்லிவிட்டார். கல்லறையை வேறிடத்துக்கு மாற்ற இறந்தவரின் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். தேடியும் வாரிசு இல்லை என்று ஒருவர் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தால் கோர்ட்டே அனுமதி தரும். இது வக்கீல் சொன்னது.

"திருமூர்த்தி சார், உங்க ஊர்ல வம்சாவளி புக் போட்டது நீங்கதானே? உங்களுக்கு இது ஜுஜுபி," என்றார் வாஞ்சிநாதன்.

திருமூர்த்தி தலையசைத்தார். பேசுவதை விடத் தலையசைப்பது அவருக்கு எளிது. வம்சாவளிப் புத்தகம் போட்டவர்தான். தாராபுரத்துப் பக்கம் இருக்கும் அவர்களுடைய குலதெய்வக் கோயில் குடமுழுக்குக்காக, ஒரே மூதாதையிடமிருந்து ஆண்வழியில் வந்த பங்காளிகள் அத்தனை பேரையும், அவர்கள் பாஷையில் சொன்னால் 'கூட்டத்தை', ஒன்பது தலைமுறைக்கு எக்செலில் ஏற்றி அச்சுக்குக் கொடுத்தவர். நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரு பெயர்கூட விடுபடவில்லை என்று ஊரில் மாலை போட்டார்கள்.

இரண்டு மாதம் விடுப்பு எடுத்து எடுத்து மாவட்டம் மாதிரியான அந்தக் கவுன்டியின் அலுவலகத்துக்குப் போனார். நிலப் பத்திரப் பதிவேடுகள் ஒவ்வொன்றும் அரிசி மூட்டை கனம். அந்த அறையில் யாரும் அவரோடு பேசவில்லை. அதுவே அவருக்குப் பிடித்திருந்தது. 1873-இல் ஏசா ப்ரூயிட் நாற்பது ஏக்கர் வாங்கிய பத்திரம் கிடைத்தது. கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. 1870 மக்கள்தொகைக் கணக்கில் பெயர் இருந்தது. அதற்கு முன்னால் எதுவும் இல்லை. பிறகுதான் புரிந்தது, ஏசா அடிமையாக இருந்தவர். 1860 கணக்கில் முதலாளியின் பெயருக்குக் கீழே ஒரு வரி: கறுப்பர், ஆண், வயது 29. அவ்வளவுதான்.

மறுநாள் வேலைக்குப் போகும்போது காரில் அவர் டாஷ்போர்டில் ஓங்கி அறைந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "மனுசனுக்குப் பேரு போட எடம் இல்லாமப் போயிருச்சுங்களா அவனுகளுக்கு? மாட்டுக்குக்கூடப் பேரு வெப்பமேங்க!" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுவே முதல் தடவை. வீட்டிலும் இதையே சொல்லிக் கத்தினாராம்.

1880 கணக்கில் குடும்பம் முழுசாக இருந்தது. ஏசா, மனைவி மார்த்தா, ஐந்து குழந்தைகள். 1890 கணக்கு நாடு முழுவதற்கும் தீயில் போய்விட்டது. 1900-இல் மார்த்தா விதவை, கூடவே இளைய மகன் ரூபன். மூத்த மகன் ஐசம் பத்தொன்பது வயதில் இறந்துபோனதற்குத் தேவாலயப் பதிவு கிடைத்தது. ரூபன் 1918 விஷக்காய்ச்சலில் போனான், கல்யாணம் ஆகவில்லை. திருமூர்த்தி எக்செலில் கடைசிக் கட்டத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். கிளை முடிந்தது.

வங்கியில் உட்கார்ந்திருக்கும் நோட்டரி பெண் முன்னால், "முழுமையாகத் தேடினேன், ஏசா ப்ரூயிட்டின் வம்சத்தில் உயிரோடு யாரும் இல்லை" என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அதை வக்கீல் கோர்ட்டில் தாக்கல் செய்தார். உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பாகவும் போட்டார். கமிட்டி வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பிய படங்கள் நூற்றுக்கு மேல் வந்தன.

அடுத்த சனிக்கிழமை அவருடைய மகள் பிரீத்தி டல்லாஸிலிருந்து வந்திருந்தாள். இருபத்தைந்து வயது, மருத்துவமனையில் வேலை. இங்கேயே பிறந்தவள், தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். சமையலறை மேஜையில் கிடந்த காகிதங்களைக் காபியோடு புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஹி ஹேட் ஃபைவ் கிட்ஸ், ரைட்? வேர் ஆர் த அதர் த்ரீ?"

"அது பொண்ணுக, கண்ணு."

"ஸோ?"

"கட்டிக்குடுத்துப் போயிருப்பாங்க. அவங்க வேற கூட்டம் ஆயிருவாங்கல்ல?"

பிரீத்தி தாளை அவர் பக்கம் திருப்பினாள். மகன்களுக்கு நேரே பெயர், பிறப்பு, இறப்பு, ஆதாரம் என்று நான்கு கட்டங்கள். அதற்குக் கீழே ஒரே வரி: பெண் 3.

"திஸ் இஸ் டெக்ஸஸ், அப்பா. இங்க ஏது கூட்டம்?" என்றாள். பிறகு மெதுவாக, "நான் கல்யாணம் பண்ணிட்டா நானும் உங்க வாரிசு இல்லையா?"

அடுப்பருகே நின்ற பவளம் திரும்பினாள். கணவர் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவள் அவள். "ஏன் சாமி, உங்கப்பன் போட்ட பொஸ்தகத்த நீ பாத்ததே இல்லையா?" என்றவள் வரவேற்பறை அலமாரியிலிருந்து அதை எடுத்துவந்து பக்கத்தை விரித்து வைத்தாள். "படி, கண்ணு. தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியுமில்ல?"

திருமூர்த்தி. மனைவி: இன்ன கூட்டம். மகன்: கதிர். பெண் 1.

"என்னையப் பாரு. 'மனைவி' போட்டு எங்கப்பன் கூட்டத்துப் பேரு போட்டிருக்குது. எனக்குப் பேரு இல்லீனாலும் எங்கப்பனுக்காச்சும் இருக்குது. உனக்கு அதுவும் இல்ல, நம்பருதான். மாட்டுக்குக்கூடப் பேரு வெப்பாங்கன்னு அன்னிக்கு யாரோ குதிச்சாங்க."

பிரீத்தி சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, காபியையும் அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். திருமூர்த்தி மேஜையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆறு வருஷமாக அந்தப் புத்தகம் கண்ணாடி அலமாரியில் எல்லோரும் பார்க்க நின்றிருக்கிறது. விருந்தாளிகள் வந்தால் அவரே எடுத்துக் காட்டுவார்.

திங்கட்கிழமை மறுபடியும் கவுன்டி அலுவலகம். கல்யாணப் பதிவேடுகள் அதே அறையில், அவர் இரண்டு மாதம் உட்கார்ந்த நாற்காலிக்கு நாலு அலமாரி தள்ளி இருந்தன. மணமகள் பெயர் அகரவரிசையிலேயே இருந்தது. ஹெஸ்டர் ப்ரூயிட், லூலா ப்ரூயிட், டைனா ப்ரூயிட். மூன்றையும் கண்டுபிடிக்க இருபத்தைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "இருவத்தஞ்சு நிமிசமுங்க," என்றார் என்னிடம். "அந்த மூணு புள்ளைக அலமாரில நின்னுட்டு என்ற முதுகையே பாத்துட்டு இருந்திருக்குதுங்க."

ஹெஸ்டரின் மகன், அவன் மகள், அவள் மகள் என்று இறங்கிவந்து, கோயில் நிலத்திலிருந்து பதினெட்டே மைலில் ஒரு முகவரியில் முடிந்தது. லொரீன் மேபரி, அறுபத்தெட்டு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். போனில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திருமூர்த்தி நேரிலேயே போனார்.

கதவைத் திறந்த அம்மாள் அவர் பெயரைக் கேட்டதும் உள்ளே போய்ப் பத்திரிகைத் துண்டோடு திரும்பி வந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"நீதானே இது? நாங்க எல்லாரும் செத்துட்டோம்னு எழுதினவன்?"

திருமூர்த்தி ஆமாம் என்றார்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்ல வாசிச்சாங்க. என் பக்கத்துல என் தங்கச்சி, அவ பசங்க, பேரப்பசங்க. முழுசா ரெண்டு பெஞ்சு. எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் தொட்டுப் பாத்துக்கிட்டோம், உயிரோடதான் இருக்கோமான்னு." அவர் சிரித்தார்; ஆனால் கண் சிரிக்கவில்லை. "முழுமையாத் தேடினியாமே? எங்க தேடினே? வானத்துலயா?"

உள்ளே மறுபடி போய் ஒரு ஊதா டி-ஷர்ட்டைக் கொண்டுவந்து திருமூர்த்தியின் நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை குடும்பம் முழுவதும் கூடும்போது போடுவதாம். முதுகுப் பக்கம் மரம் போல அச்சடித்திருந்தது. உச்சியில் ஏசா, மார்த்தா. அதிலிருந்து மூன்று கிளைகள்: ஹெஸ்டர், லூலா, டைனா. அவற்றின் கீழே பொடி எழுத்தில் நூற்றறுபது பேருக்கு மேல். ஐசமும் ரூபனும் உச்சியின் ஓரத்தில் சின்ன நட்சத்திரக் குறியோடு இருந்தார்கள். திருமூர்த்தி விட்ட மூன்று பேரிலிருந்துதான் மொத்தக் குடும்பமும் வந்திருந்தது.

வருஷா வருஷம் கல்லறைக்குப் போய்ப் புல் வெட்டிக்கொண்டிருந்தார்களாம். முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்த நிலத்தை வைத்திருந்த பண்ணைக்காரன் பூட்டுப் போட்ட கேட் வைத்ததிலிருந்து சாலையில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டு வருவார்களாம்.

கோயில்காரர்கள் மரியாதையாக நல்ல இடத்துக்கு மாற்றித் தருவார்கள் என்று திருமூர்த்தி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அவரை ரெண்டு தடவை வித்தாங்க," என்றார் லொரீன். "அவரா வாங்கினது அந்த மண்ணு ஒண்ணுதான். இனி அவரை யாரும் எங்கயும் கொண்டுபோகப் போறதில்ல. உன் சாமிகிட்ட போய்ச் சொல்லு."

அன்று மாலை திருமூர்த்தி சிவாச்சாரியாருக்குப் போன் செய்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்கு ஏன் இவ்ளோ அலையறேள்? அந்த மூலையை மட்டும் வேலி போட்டுப் பிரிச்சு அவாளுக்கே எழுதிக் குடுத்துட்டா எல்லைக்கு வெளியேன்னு ஆயிடும். தோஷம் இல்லை. இதை நான் தலைவர்கிட்ட மொத வாரமே சொல்லிட்டேனே!" என்றார்.

மறுநாளே திருமூர்த்தி கமிட்டிக் கூட்டம் கூட்டச் சொன்னார். வாஞ்சிநாதன், செயலாளர் ஷ்யாமளா, அச்சுதன் என்ற கட்டட வேலைப் பொறுப்பாளர், மூவரும் வந்தார்கள். திருமூர்த்தி கல்யாணப் பதிவுகளை மேஜையில் பரப்பி, கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

வாஞ்சிநாதன் காகிதங்களைத் தொடவில்லை. "என்ன சார் இது, லாஸ்ட் மினிட்ல? வியாழக்கிழமை ஹியரிங். யார் உங்களை மறுபடி தேடச் சொன்னா?"

"தேடாம உட்டது நானுங்க."

"நீங்க கரெக்டாத்தான் தேடினீங்க. வம்சம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாததா? பொண்ணு வழி வேற வம்சம். நம்ம சம்பிரதாயம்."

"செத்தவரு நம்ம சம்பிரதாயம் இல்லீங்க."

ஷ்யாமளா, "அங்கிள், அந்த லேடி உங்களைப் பார்த்தது வேற யாருக்கும் தெரியுமா?" என்றாள், குரலைத் தாழ்த்தி. "தெரியலைன்னா விட்டுடலாமே. நாலு எலும்பு, ஒரு கல்லு. இதுக்காக எண்ணூறு ஃபேமிலியோட கனவு நிக்கணுமா?"

"சிவாச்சாரியார்கிட்டப் பேசுனனுங்க. மூலையப் பிரிச்சுக் குடுத்தாப் போதும்ன்னாரு. உங்ககிட்ட மொத வாரமே சொன்னாராமா."

அச்சுதன்தான் வரைபடத்தைக் காட்டி, "அந்தக் கார்னர்லதான் சார் என்ட்ரன்ஸ் வருது. பிரிச்சா முப்பத்தெட்டு பார்க்கிங் போயிடும்," என்றார்.

ஆகமமும் தோஷமும் அந்த முப்பத்தெட்டு கார்களுக்காகத்தான். திருமூர்த்தி வரைபடத்தை ஓரமாகத் தள்ளினார்.

"என்ற குலதெய்வம் யாருன்னு தெரியுமுங்களா?" என்றார். "சண்டையில செத்துப்போன மனுசன். பொதைச்ச எடத்துலதான் கல்லு நட்டுக் கோயில். எங்க கூட்டமே வருசா வருசம் அந்தச் சமாதி மேல உழுந்துதான் கும்பிடுது."

வாஞ்சிநாதன் புன்னகைத்தார். "அது வில்லேஜ் சாமி, சார். இது வேற லெவல். மிக்ஸ் பண்ணாதீங்க."

இருபது வருஷமாக ஒன்றாகப் பொங்கல் கொண்டாடியவர் சொன்னது அது. திருமூர்த்தி எழுந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பில் வைத்தார்.

"கோர்ட்ல மாத்திப் பேசினா பொய் சத்தியம்னு உங்க மேலயே திரும்பும். க்ரீன் கார்டா, சிட்டிஸனா நீங்க?" என்றார் வாஞ்சிநாதன், அக்கறையாகக் கேட்பதுபோல.

"மனுசனுங்க," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வியாழக்கிழமை திருமூர்த்தி கோர்ட்டுக்குள் நுழைந்தபோது பின்பாதி முழுவதும் ஊதா நிறம். நாற்பது பேராவது இருந்திருப்பார்கள், கைக்குழந்தை உட்பட எல்லோரும் அந்த டி-ஷர்ட்டில். பவளமும் பிரீத்தியும் அவருக்குப் பின்னால் வந்தார்கள். வாஞ்சிநாதன் கோட்டு சூட்டில் முன்வரிசையில் இருந்தார்.

கமிட்டி வக்கீல் பேசி முடிக்கும் முன்பே திருமூர்த்தி எழுந்து நின்றார். நீதிபதி, உட்காருங்கள் என்றார். அவர் உட்காரவில்லை. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான், அது உண்மையில்லை என்றார்.

கையெழுத்துப் போடும்போது உண்மையில்லை என்று தெரியுமா என்று நீதிபதி கேட்டார்.

திருமூர்த்தி பின்வரிசைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அவருக்கு மூன்று மகள்கள் இருந்தது தெரியும். என் கண்ணால் படித்தேன். என் கையால் எண்ணி எழுதினேன். ஆட்களாகக் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் வீட்டுப் புத்தகத்திலும் நான் அப்படித்தான் எழுதினேன். அதோ இருக்கிறாள், என் மகள். அவள் பெயரும் அதில் இல்லை."

நீதிபதி பின்வரிசையைப் பார்த்து, ப்ரூயிட் குடும்பத்தினர் யாராவது வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள். லொரீன் மட்டும் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார், முழங்கால் வலி. மனு தள்ளுபடியானது.

பொய் சத்தியம் என்று திருமூர்த்தி மேல் வழக்கு எதுவும் வரவில்லை. கமிட்டி அந்த மூலையைப் பிரித்து ப்ரூயிட் குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்தது. நுழைவாயிலை வடக்குப் பக்கம் மாற்றிப் போன வருஷம் குடமுழுக்கும் நடத்தியது. வாஞ்சிநாதன்தான் இன்னமும் தலைவர். இந்த மண்ணின் வரலாற்றை மதித்தவர்கள் நாம் என்று அன்று மைக்கில் பேசினார், எல்லோரும் கைதட்டினார்கள். ஷ்யாமளா நியூ ஜெர்சிக்கு மாறிப்போனாள், எடிசனில் இருப்பதாகக் கேள்வி. திருமூர்த்தியை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கியது நீக்கியதுதான். பவளத்தை யாரும் கொலுவுக்குக் கூப்பிடுவதில்லை. அவளும் அதைப் பற்றி இப்போது பேசுவதில்லை. வம்சாவளிப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்குப் பெண்களின் பெயர்களைச் சேர்த்து அவர் அனுப்பியதை ஊரில் பங்காளிகள் ஏற்கவில்லை. பிரீத்திக்கு டல்லாஸிலேயே கல்யாணம் நடந்தது. கதிர் கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கிறான். லொரீன் பிப்ரவரியில் இறந்துபோனார். அவரை அந்த ஓக் மரத்தடியில், ஏசாவின் கல்லுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். திருமூர்த்தி வேலையை விட்டுவிட்டார். நான் இப்போது தனியாகத்தான் ஹூஸ்டனுக்கு ஓட்டிப் போகிறேன்.